திறக்காத கதவு: ஜான் பன்யனின் ஜீவிய சரித்திரம்



 சாட்சி சொல்ல வேண்டும், நாலு பேருக்கு சுவிசேஷம் அறிவிக்க வேண்டும் என்ற ஆசை நம்மில் அநேகருக்கு உண்டு. ஆனால் சூழ்நிலை விடவில்லையே என்கிறோம். ஒருவருக்குக் குடும்பத்தில் எதிர்ப்பு. இன்னொருவருக்கு உடம்பு முடியவில்லை. ஒருவருக்குப் படிப்பு இல்லை. இன்னொருவருக்குக் கடன் கழுத்தை நெரிக்கிறது. கர்த்தர் இந்த ஒரு கதவை மட்டும் திறக்கட்டும், அப்புறம் பாருங்கள் என் ஊழியத்தை என்று சொல்லிச் சொல்லியே வருஷங்கள் ஓடிப்போய்விடுகிறது.

கதவு திறக்காமலேயே 12 வருஷம் உட்கார்ந்திருந்த ஒரு தேவ மனுஷன் உண்டு. உபவாசித்து ஜெபித்தும் கதவு திறக்கவில்லை. ஆனால் அந்தப் பூட்டின கதவுக்கு உள்ளே இருந்து புறப்பட்ட சாட்சி இன்றைக்கும் உலகமெங்கும் போய்க்கொண்டிருக்கிறது. மோட்சப் பிரயாணம் என்ற புத்தகத்தை எழுதிய ஜான் பன்யன்தான் அவர்.

ஓட்டைப் பாத்திரம் அடைக்கிறவரின் மகன்

1628-ஆம் வருஷம் இங்கிலாந்து தேசத்தில், பெட்ஃபோர்டு பட்டணத்துக்குப் பக்கத்திலுள்ள எல்ஸ்டோ என்ற சின்ன கிராமத்தில் பன்யன் பிறந்தார். அப்பாவுக்கு ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுக்கிற தொழில். அந்தக் காலத்தில் ஜனங்கள் அதை ஒரு கேவலமான பிழைப்பாகத்தான் நினைத்தார்கள். பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள்தான். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார், அவ்வளவுதான். பிறகு அப்பாவோடு சேர்ந்து நெருப்பும் சுத்தியலுமாகப் பிழைப்பு ஓடியது.

1644-ல் அவருடைய அம்மா மரித்துப்போனார். அடுத்த மாதமே தங்கச்சியும் போய்விட்டாள். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் அப்பா வேறு கலியாணம் பண்ணிக்கொண்டார். பையனுக்கு வயது 16 நடந்துகொண்டிருந்தது. அப்போது ராஜாவுக்கும் பார்லிமெண்டுக்கும் உள்நாட்டு யுத்தம் நடந்த சமயம். அந்த வருஷமே பார்லிமெண்டின் சேனையில் சேர்ந்தார். ஒரு நாள் ஒரு கோட்டை முற்றுகைக்கு இவர் போகவேண்டியது. கடைசி நேரத்தில் வேறொரு போர்ச்சேவகன் இவருக்குப் பதிலாகப் போனான். காவல் நின்ற இடத்தில் தலையில் குண்டு பாய்ந்து செத்துப்போனான். தனக்குப் பதிலாக ஒருவன் மரித்தான் என்பதைப் பன்யன் கடைசிவரை மறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் மனந்திரும்பவில்லை. சபிப்பதிலும் ஆணையிடுவதிலும் ஊரில் அவரை மிஞ்ச ஆளில்லை.

வெயிலில் உட்கார்ந்திருந்த ஏழை ஸ்திரீகள்

யுத்தம் முடிந்து ஊருக்கு வந்து, 1649 வாக்கில் கலியாணம் பண்ணினார். மாப்பிள்ளை வீட்டிலும் ஒன்றுமில்லை, பெண் வீட்டிலும் ஒன்றுமில்லை. ஒரு தட்டு, ஒரு கரண்டிகூட இல்லாத குடித்தனம். ஆனால் அந்தப் பெண்ணின் அப்பா தேவபக்தியுள்ளவர். அவர் மரிக்கும்போது விட்டுப்போன இரண்டு பக்திப் புத்தகங்களை அவள் கொண்டுவந்தாள். அந்தச் சகோதரியின் பெயர்கூட சரித்திரத்தில் இல்லை. ஆனால் அவள் கொண்டுவந்த இரண்டு புத்தகங்களைப் புருஷனும் மனைவியும் சேர்ந்து வாசித்தார்கள். அங்கேதான் ஆவியானவர் வேலையை ஆரம்பித்தார். 1650-ல் முதல் பிள்ளை பிறந்தது. மேரி என்று பெயர் வைத்தார்கள். பிறவியிலேயே கண் தெரியாத பிள்ளை.

பன்யன் கோயிலுக்குப் போனார், நல்ல பேர் எடுத்தார், தன்னைத்தானே திருத்திக்கொள்ளப் பார்த்தார். சமாதானம் மட்டும் வரவில்லை. ஒரு நாள் வேலை விஷயமாகப் பெட்ஃபோர்டு தெருவில் போகும்போது, ஒரு வாசற்படியில் மூன்று நாலு ஏழை ஸ்திரீகள் வெயிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டார். மறுபிறப்பைப் பற்றியும், ஆண்டவர் தங்கள் உள்ளத்தில் செய்த கிரியையைப் பற்றியும் அவர்கள் பேசினார்கள். அவர்கள் முகத்தில் இருந்த சந்தோஷம் தனக்கு இல்லை என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. அந்தப் பெண்கள் பிரசங்கமேடையில் நிற்கவில்லை, துண்டுப்பிரதி கொடுக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து பேசியது ஒரு பாவியின் காதில் விழுந்தது. அவ்வளவுதான் அவர்கள் செய்த ஊழியம். பலன் என்னவென்று அன்றைக்கு அவர்களுக்குத் தெரியாது.

அவர்கள் மூலமாக ஜான் கிஃபோர்டு என்ற போதகரின் சபைக்கு வந்தார். கிஃபோர்டும் ஒரு காலத்தில் குடியும் சூதாட்டமுமாக இருந்து இரட்சிக்கப்பட்டவர். அதற்குப் பிறகும் பன்யனுக்கு வருஷக்கணக்கில் உள்ளத்தில் போராட்டம். தனக்கு மன்னிப்பே கிடையாது என்று சத்துரு அவரை நெருக்கினான். கடைசியில், தன்னுடைய நீதி தன் நல்ல மனநிலையில் இல்லை, பரலோகத்தில் பிதாவின் வலதுபாரிசத்தில் இருக்கிற கிறிஸ்துவே தன் நீதி என்ற வெளிச்சம் கிடைத்தது. கட்டுகள் அறுந்து விழுந்தன.

ஏறக்குறைய 1656 முதல் பிரசங்கம் பண்ண ஆரம்பித்தார். பாத்திரம் அடைக்கிறவன் பேசுவதைக் கேட்கக் கூட்டம் கூடியது. படித்தவர்கள் கேலி பண்ணினார்கள். ஆனால் ஜனங்கள் அழுதுகொண்டு மனந்திரும்பினார்கள்.

ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போகலாம்

1658-ல் மனைவி நாலு பிள்ளைகளை விட்டு மரித்துப்போனாள். அடுத்த வருஷம் எலிசபெத் என்ற வாலிபப் பெண்ணைப் பன்யன் விவாகம் செய்தார். தாயில்லாத நாலு பிள்ளைகளுக்கும் அவள் தாயானாள்.

1660-ல் இரண்டாம் சார்லஸ் ராஜா சிங்காசனத்துக்கு வந்தார். அரசாங்கச் சபைக்கு வெளியே கூட்டம் நடத்துகிறவர்களை அதிகாரிகள் பிடிக்க ஆரம்பித்தார்கள். 1660 நவம்பர் 12-ஆம் தேதி, சாம்செல் என்ற கிராமத்தில் ஒரு வீட்டுக் கூட்டம். பன்யன் போய்ச் சேர்ந்தபோதே, அவரைப் பிடிக்க வாரண்டு பிறந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். கூட்டத்தை நிறுத்திவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். தப்பிப்போக நேரம் இருந்தது. பன்யன் வெளியே தோட்டத்தில் தனியாக நடந்து யோசித்தார். போதகனே ஓடிவிட்டால் புதிதாய் இரட்சிக்கப்பட்டவர்கள் என்ன ஆவார்கள்? திரும்பி உள்ளே வந்தார். ஜெபத்தோடு கூட்டம் ஆரம்பித்தது. பிரசங்கத்துக்குள் போவதற்குள் காவலர் வந்து பிடித்துக்கொண்டார்.

இனிமேல் பிரசங்கிக்க மாட்டார் என்று யாராவது ஜாமீன் நின்றால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். அந்த ஜாமீனை நான் காப்பாற்ற மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். 1661 ஜனவரியில் விசாரணை. 1593-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தின்படி 3 மாதச் சிறை. அதற்குப் பிறகும் கீழ்ப்படியாவிட்டால் நாடுகடத்தல். நாடுகடத்தின பின் அனுமதியில்லாமல் திரும்பி வந்தால் தூக்கு. 3 மாதம் 12 வருஷமாயிற்று.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சிறைக்கதவின் சாவி ஒரு விதத்தில் அவர் வாயிலேயே இருந்தது. இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்ற ஒரு வார்த்தை போதும், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். அந்த 12 வருஷமும் ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்து, அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருக்க வேண்டியதாயிருந்தது.

எலிசபெத் சுமந்த பாரம்

பன்யனைப் பிடித்த சமயம் எலிசபெத் நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்த கர்ப்பிணி. செய்தி கேட்ட அதிர்ச்சியில் காலத்துக்கு முன்னே வலி கண்டு, எட்டு நாள் வேதனைப்பட்டு, குழந்தை பிறந்து இறந்துபோயிற்று. அந்தத் துக்கத்தோடு நாலு பிள்ளைகளையும், அதில் ஒன்று கண் தெரியாத பிள்ளை, விசுவாசிகள் கொடுக்கிற உதவியில் வளர்த்தாள்.

அவள் சும்மா அழுதுகொண்டு வீட்டில் இருக்கவில்லை. புருஷனுடைய விடுதலைக்காக லண்டன் வரைக்கும் மனுவோடு போனாள். 1661 ஆகஸ்டில் பெட்ஃபோர்டுக்கு நீதிபதிகள் வந்தபோது, அவர்கள் தங்கியிருந்த ஸ்வான் விடுதியில், பெரிய மனுஷர்கள் கூடியிருந்த அறைக்குள்ளேயே நடுங்கிக்கொண்டு போய் நின்றாள். மேத்யூ ஹேல் என்ற நீதிபதி மட்டும் மனமிரங்கி, சட்டப்படி என்ன வழி உண்டு என்று சொன்னார். இன்னொருவர் எரிந்து விழுந்தார். உன் புருஷன் பிரசங்கத்தை விடுவானா என்று கேட்டதற்கு, பேச முடிகிற வரைக்கும் விடமாட்டார் என்று தைரியமாய்ச் சொல்லிவிட்டாள். வெளியே வரும்போது அழுதாள். தன் பாட்டை நினைத்து அல்ல, கர்த்தர் வரும்போது இந்த மனுஷர்கள் என்ன கணக்குக் கொடுப்பார்களோ என்று நினைத்து அழுதாள். பன்யனின் சாட்சியைப் பேசுகிறவர்கள் எலிசபெத்தின் சாட்சியை மறக்கக்கூடாது. அவர் உள்ளே அடைபட்டிருந்தார் என்றால், இவள் வெளியே அடைபட்டிருந்தாள்.

பன்யனுக்கு வலி இல்லாமல் இல்லை. மனைவி பிள்ளைகளைப் பிரிந்தது அவருக்கு உயிரோடு சதையைப் பிய்ப்பது போலிருந்தது. அதிலும் கண் தெரியாத மேரியை நினைக்கும்போது தாங்கமுடியவில்லை. அவள் பசியிலும் குளிரிலும் அலைவாளோ, யாரிடமாவது அடி வாங்குவாளோ, பிச்சை எடுப்பாளோ என்று இருதயம் உடைந்தது. தன் குடும்பத்தைத் தானே கெடுக்கிறோமா என்றுகூடத் தோன்றியது. கடைசியில், விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் தாமே பார்த்துக்கொள்வதாகக் கர்த்தர் எரேமியா தீர்க்கதரிசி மூலமாய்க் கொடுத்த வாக்குத்தத்தத்தைப் பிடித்துக்கொண்டு, அவர்களை ஆண்டவர் கையில் விட்டார்.

மரண பயமும் வந்தது. தூக்குமர ஏணியில் ஏறும்போது கால் நடுங்கி, முகம் வெளுத்து, கர்த்தருடைய நாமத்துக்கு அவமானம் கொண்டுவந்துவிடுவேனோ என்று பல வாரம் கலங்கினார். அப்போது ஒரு எண்ணம் வந்தது. தூக்குப்போடுவதைப் பார்க்கப் பெரிய கூட்டம் வருமே. கடைசியாய் அவர்களிடம் பேசலாமே. அதில் ஒரு ஆத்துமா மனந்திரும்பினால்கூட என் ஜீவன் வீணாய்ப் போகாதே! பார்த்தீர்களா பிரியமானவர்களே, தூக்குமரத்தைக்கூட அவர் ஒரு பிரசங்கபீடமாகத்தான் பார்த்தார்.

சிறைக்குள்ளே என்ன செய்தார்?

முதலாவது, கைவேலை செய்தார். பாத்திர வேலைக்கு அங்கே வழியில்லை. ஆகவே ஜனங்கள் உடுப்பும் செருப்பும் கட்டுகிற நீள நாடாக்களின் நுனியில் உலோக முனை பொருத்தும் வேலையைக் கற்றுக்கொண்டார். ஆயிரக்கணக்கில் செய்து விற்று, குடும்பத்துக்குக் கொடுத்தார். ஊழியக்காரன் என்று சொல்லிக் குடும்பத்தைப் பட்டினி போடவில்லை.

இரண்டாவது, உள்ளே இருந்தவர்களுக்குப் பிரசங்கித்தார். விசுவாசத்துக்காகப் பிடிபட்ட வேறு பலரும் அந்தச் சிறையில் வந்து சேர்ந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசவேண்டிய முறை அவருடையது. ஆனால் உள்ளம் வறண்டு கிடந்தது, ஐந்து வார்த்தைகூடப் பேசமுடியாது என்று நினைத்தார். அப்படியே வேதத்தைத் திறந்தபோது வெளிப்படுத்தல் 21-ஆம் அதிகாரத்தில் புதிய எருசலேமின் பிரகாசத்தின்மேல் கண் பட்டது. ஜெபித்தார். ஆவியானவர் திறந்து கொடுத்தார். இருட்டுச் சிறையில் உட்கார்ந்து பரம நகரத்தின் வெளிச்சத்தைப் பேசினார். கேட்டவர்களும் திருப்தியடைந்தார்கள். பிற்பாடு அதுவே ஒரு புத்தகமாகி 1665-ல் வெளிவந்தது.

மூன்றாவது, எழுதினார். கையில் இருந்த முக்கியமான புத்தகங்கள் இரண்டே இரண்டு. ஒன்று வேதாகமம், இன்னொன்று ஜான் ஃபாக்ஸ் எழுதிய இரத்தசாட்சிகளின் சரித்திரம். தன்னுடைய இரட்சிப்பின் சாட்சியை எழுதி 1666-ல் வெளியிட்டார். தான் நேரில் போய்ப் பார்க்கமுடியாத தன் ஆத்தும பிள்ளைகளுக்காகவே அதை எழுதினார்.

சில காலம் இரக்கமுள்ள சிறை அதிகாரி அவரை வெளியே போய்வர விட்டார். அப்போதும் போய்ப் பிரசங்கித்துவிட்டு நேர்மையாய்த் திரும்பி வந்தார். லண்டன் வரை போய்வந்தது விரோதிகளுக்குத் தெரிந்தபோது அந்த அதிகாரியின் வேலைக்கே ஆபத்து வந்தது. அதற்குப் பிறகு வாசலில் எட்டிப் பார்க்கக்கூட விடவில்லை. கதவு இன்னும் இறுக்கமாய் அடைபட்டது.

எல்லாக் கதவும் திறக்காது

பிலிப்பி பட்டணத்தில் பவுலும் சீலாவும் துதித்துப் பாடினபோது பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன. பேதுருவுக்குத் தேவதூதன் வந்தான், இரும்புக் கதவு தானாய்த் திறந்தது. நம் தேவன் அப்படிச் செய்கிறவர், இன்றைக்கும் செய்கிறவர். அல்லேலூயா! ஆனால் அதே பவுல் ரோமாபுரியில் சங்கிலியோடு இருந்தபோது பூமி அதிரவில்லை. அங்கே என்ன நடந்தது? தன்னிடம் வந்தவர்கள் எல்லாரிடமும் தேவனுடைய ராஜ்யத்தைப் பிரசங்கித்தார். நிருபங்கள் பிறந்தன. அரமனைச் சேவகர் வரைக்கும் கிறிஸ்துவைப் பற்றின செய்தி போயிற்று (பிலிப்பியர் 1-ஆம் அதிகாரம்). கட்டப்பட்டது பவுல்தான், வசனம் கட்டப்படவில்லை என்பதை 2 தீமோத்தேயு 2:9-ல் வாசிக்கிறோம்.

கதவு திறந்தால் அது கர்த்தருடைய வல்லமைக்குச் சாட்சி. திறக்காமல் உள்ளே இருக்கும்போதும் நாம் உண்மையாய் நின்றால், அது கர்த்தருடைய கிருபைக்குச் சாட்சி. இரண்டும் அவருடைய மகிமைக்கே.

வெளியே வந்தது மனுஷனும் புத்தகமும்

1672 ஜனவரியில், பன்யன் இன்னும் கைதியாயிருக்கும்போதே, பெட்ஃபோர்டு சபை அவரைத் தங்கள் போதகராகத் தெரிந்துகொண்டது. அந்த வருஷம் ராஜா அறிவித்த சலுகையின்படி விடுதலை கிடைத்தது. 31 வயதில் பிடிபட்டவர் 43 வயதில் வெளியே வந்தார். ஒரு தானியக் களஞ்சியத்தை வாங்கி அதில் சபை கூடினார்கள். 1676, 1677-ல் மறுபடியும் சில மாதம் சிறை. அதற்குப் பிறகு 1678-ல் மோட்சப் பிரயாணம் அச்சாகி வந்தது.

அதைச் சிறையில்தான் எழுத ஆரம்பித்தார். வேறொரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கும்போது இந்தக் கதை தானாய் வந்து பெருகிவிட்டது. சிநேகிதர்களிடம் காட்டினபோது சிலர் அச்சடிக்கச் சொன்னார்கள், சிலர் வேண்டாம் என்றார்கள். முதுகில் பாவச்சுமையோடு புறப்படுகிற ஒரு மனுஷன், சிலுவையண்டையில் வந்தபோது அந்தச் சுமை அவிழ்ந்து உருண்டு போகிற காட்சியைப் படித்து எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்களோ, கர்த்தருக்குத்தான் தெரியும். அதில் சந்தேகக் கோட்டை என்று ஒரு இடம் வருகிறது. அங்கே அடைபட்ட பிரயாணி, வாக்குத்தத்தம் என்ற சாவி தன் மார்பிலேயே இருப்பதைக் கண்டு கதவைத் திறந்து வருகிறான். வருஷக்கணக்கில் பூட்டுக்குள் இருந்தவர் எழுதினது அது. சும்மா கற்பனை அல்ல.

இன்றைக்கு அந்தப் புத்தகம் 200-க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. நம் தமிழிலும் தலைமுறை தலைமுறையாய் வாசிக்கப்படுகிறது. திருநெல்வேலிச் சீமையில் வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்து ஆண்டவரை ஏற்றுக்கொண்ட ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இந்தக் கதையைத் தழுவித்தான் இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்தைப் பாடினார். அது 1894-ல் வெளிவந்தது. பெட்ஃபோர்டு சிறையில் எழுதின சாட்சி நம்ம தாமிரபரணிக் கரை வரைக்கும் வந்ததே, இது யாருடைய செயல்? கர்த்தருடைய செயல்!

கடைசி ஊழியம்

1688 ஆகஸ்டில், மனஸ்தாபத்தில் இருந்த ஒரு தகப்பனையும் மகனையும் ஒப்புரவாக்குவதற்காகப் பன்யன் ரெடிங் பட்டணத்துக்குக் குதிரையில் போனார். காரியம் நல்லபடியாய் முடிந்தது. அங்கிருந்து லண்டனுக்குப் போகும் வழியில் கனமழையில் நனைந்து காய்ச்சலில் விழுந்தார். ஆகஸ்ட் 31-ஆம் தேதி, ஒரு சிநேகிதனுடைய வீட்டில், 59 வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். லண்டனில் பன்ஹில் என்ற கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்பண்ணப்பட்டார். சுமார் 60 புத்தகங்கள் அவர் கையால் எழுதப்பட்டன. அடுத்த வருஷம், 1689-ல், அவரைப் போன்றவர்கள் சுதந்திரமாய்க் கூடி ஆராதிக்கச் சட்டம் அனுமதி கொடுத்தது. அந்த நாளை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

உங்கள் சிறை எது?

பிரியமானவர்களே, உங்களை அடைத்து வைத்திருக்கிற கதவு எது? படுக்கையா? இரட்சிக்கப்படாத புருஷனா? வேதத்தைத் திறக்கவே விடாத வீடா? ராத்திரி பகல் பாராத வேலையா? படிக்கவில்லையே என்ற தாழ்வா? கதவு திறக்க ஜெபியுங்கள். கட்டாயம் ஜெபியுங்கள். எலிசபெத்தைப் போல சட்டப்படி உள்ள வழிகளையும் தட்டுங்கள். உபத்திரவத்தைத் தேடிப் போகச் சொல்லவில்லை. ஆனால் திறக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

உங்களோடு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு ஆத்துமா உண்டு. குழாயடியில் உங்களோடு தண்ணீர் பிடிக்கிற அக்கா உண்டு. ஒரு கடிதம் எழுதலாம். பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வேதக் கதை சொல்லலாம். வாயால் பேச வழியே இல்லையென்றால் முழங்காலில் நின்று ஜெபிக்கலாம். வாசற்படியில் உட்கார்ந்து பேசின நாலு ஏழை ஸ்திரீகளால் ஒரு பன்யன் கிடைத்தார் என்றால், உங்கள் வாசற்படியை ஆண்டவர் சாதாரணமாய் விட்டுவிடுவாரா?

ஜெபிப்போமா? அன்புள்ள பிதாவே, எங்கள் கதவுகளை நீர் அறிவீர். திறக்கச் சித்தமானால் திறந்தருளும். திறக்கும் வரைக்கும் உள்ளே இருந்தே உமக்குச் சாட்சியாய் நிற்க உமது ஆவியின் பெலனைத் தாரும். எங்களோடு சேர்ந்து சுமக்கிற எங்கள் குடும்பத்தாரை நினைத்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.